லீ டெங் ஹுய்: தைவானை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்ற வேளாண் அறிஞர்

தைவான் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் லீ டெங் ஹுய். 1988 முதல் 2000 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அவர் அந்தப் பதவியில் இருந்தார். அவர் பொறுப்பேற்றபோது தீவில் ஒற்றைக் கட்சியின் ஆதிக்கம் நிலவியது. நாடாளுமன்ற இருக்கைகளில் பெரும்பாலானவற்றில் நாற்பது ஆண்டுகளாகத் தேர்தலையே சந்திக்காதவர்கள் அமர்ந்திருந்தார்கள். அவர் விடைபெற்றபோதோ, எதிர்க்கட்சி வேட்பாளர் தேர்தலில் வென்று முறைப்படி ஆட்சியை ஏற்றார். இடைப்பட்ட காலத்தில் புரட்சியோ ராணுவக் கவிழ்ப்போ ரத்தக்களரியோ நிகழவில்லை. சர்வாதிகாரக் கட்சி ஒன்றின் தலைவர், தமக்கு மேலிருந்து கிடைத்த அதிகாரத்தைப் படிப்படியாக மக்களின் வாக்குக்குக் கட்டுப்பட்டதாக மாற்றினார் என்பதே அவருடைய அரசியல் வாழ்வின் சாரம்.

ஜப்பானியர் ஆட்சியில் இளமை

லீ 1923 ஜனவரி 15 அன்று தைபே நகருக்கு வடக்கே, கடலோரத்தை ஒட்டிய சான்ஜி என்ற ஊரில் பிறந்தார். அப்போது தைவான் ஜப்பானின் குடியேற்ற நாடு. 1895-இல் சீனப் பேரரசு போரில் தோற்று, ஷிமோனோசெகி உடன்படிக்கையின்படி தீவை ஜப்பானுக்கு விட்டுக்கொடுத்திருந்தது. லீயின் தந்தை ஜப்பானியக் காவல்துறையில் பணிபுரிந்தார். மகனின் படிப்பு முழுவதும் ஜப்பானிய மொழியில் நடந்தது. இவாசாட்டோ மசாவோ என்ற ஜப்பானியப் பெயரும் அவருக்கு இருந்தது. பிற்காலத்தில் எந்த மொழியையும்விட ஜப்பானிய மொழியிலேயே அவர் சரளமாகச் சிந்தித்தார், படித்தார்.

தைபேயில் உயர்பள்ளிப் படிப்பை முடித்து, கியோட்டோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டதால் 1944-இல் ஜப்பானிய ராணுவத்தில் சேர்ந்து, வான்காப்புப் பீரங்கிப் பிரிவில் பணியாற்றினார். அவருடைய அண்ணன் ஜப்பானியக் கடற்படையில் இருந்து பிலிப்பைன்ஸில் உயிரிழந்தார். போர் முடிந்ததும் 1946-இல் தீவுக்குத் திரும்பிய லீ, தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர்ந்தார்.

அவர் திரும்பி வந்த தைவான் வேறொரு கொந்தளிப்பில் இருந்தது. 1945 அக்டோபரில் தீவு சீனக் குடியரசின் வசம் வந்தது. அந்த அரசை நடத்திய கோமிண்டாங் கட்சியின் அதிகாரிகள் ஊழலிலும் உள்ளூர் மக்களை மதியாத போக்கிலும் பெயரெடுத்தார்கள். 1947 பிப்ரவரி 27 மாலை, தைபேயில் கள்ளத்தனமாக சிகரெட் விற்ற ஒரு பெண்ணை அரசு அலுவலர்கள் தாக்கினார்கள். அப்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் அங்கே நின்றிருந்த ஒருவர் இறந்தார். மறுநாள் எழுந்த மக்கள் கிளர்ச்சி தீவெங்கும் பரவியது. சீனப் பெருநிலத்திலிருந்து வந்திறங்கிய படைகள் அதைக் கொடூரமாக அடக்கின. 1992-இல் வெளியான அரசு ஆய்வறிக்கை, இறந்தவர்களின் எண்ணிக்கை 18,000 முதல் 28,000 வரை இருக்கலாம் எனக் கணித்தது. தீவின் படித்த தலைமுறையில் ஒரு பெரும் பகுதி அந்தச் சில வாரங்களில் அழிந்தது. அதைப் பற்றி வெளியில் பேசவே பல பத்தாண்டுகள் தைவானியர் அஞ்சினார்கள்.

1949-இல் சீன உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்ட் தலைவர் மாவோவின் படைகளிடம் தோற்ற கோமிண்டாங் தலைவர் சியாங் கை ஷேக், தம் அரசோடும் படைகளோடும் தைவானுக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டு மே 20 முதல் நடைமுறைக்கு வந்த ராணுவச் சட்டம், 1987 ஜூலை வரை 38 ஆண்டுகள் நீடித்தது. மாணவப் பருவத்தில் சில காலம் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்ததைப் பின்னாளில் லீ தாமே ஒப்புக்கொண்டார். அந்தப் பழைய தொடர்பு 1969-இல் அவரைத் தேடி வந்தது. ராணுவப் பாதுகாப்புத் துறையினர் அவரை அழைத்துப்போய் நாள்கணக்கில் விசாரித்தார்கள். பலர் சிறையிலும் கொலைக்களத்திலும் முடிந்த அந்தக் காலத்தில், அவர் வீடு திரும்பினார்.

வயலிலிருந்து அமைச்சரவைக்கு

லீக்குப் பெயர் வாங்கித் தந்த துறை வேளாண் பொருளாதாரம். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1953-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1957 முதல், சீன-அமெரிக்கக் கூட்டு நிறுவனமான ஊரகப் புனரமைப்பு ஆணையத்தில் பணியாற்றினார். குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதமாகக் குறைத்தல், அரசு நிலங்களை உழவர்களுக்கு விற்றல், உழுபவனுக்கே நிலம் என்ற மூன்று படிகளில் 1949 முதல் 1953 வரை நடந்த நிலச் சீர்திருத்தத்தில் இந்த ஆணையத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1968-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவருக்கு முனைவர் பட்டம் பெற்றுத் தந்த ஆய்வு, 1895 முதல் 1960 வரை தைவானின் வேளாண்மைக்கும் பிற துறைகளுக்கும் இடையே மூலதனம் எப்படிப் பாய்ந்தது என்பதை ஆராய்ந்தது. நிலவரி, குத்தகை, உழவர்களுக்குப் பாதகமான விலைகள் ஆகிய வழிகளில் வேளாண்மையின் உபரி தொடர்ந்து வெளியே உறிஞ்சப்பட்டது என்பதை அவர் புள்ளிவிவரங்களோடு நிறுவினார். தைவானின் தொழில் வளர்ச்சிக்கு நெல் விளைவித்த குடும்பங்கள் செலுத்திய விலை அதில் கணக்காக வெளிப்பட்டது. அந்த ஆய்வு அமெரிக்க வேளாண் பொருளாதாரச் சங்கத்தின் பரிசைப் பெற்று, 1971-இல் நூலாகவும் வெளிவந்தது.

அந்த நேரத்தில் சியாங் கை ஷேக்கின் மகன் சியாங் சிங் குவோ ஆட்சியின் மையத்துக்கு வந்துகொண்டிருந்தார். அவருக்கு இரண்டு தேவைகள் இருந்தன. ஒன்று, நலிந்துவந்த வேளாண்மைக்கு வழி சொல்லும் வல்லுநர்கள். மற்றொன்று, ஆட்சிக்கு உள்ளூர் முகம். 1971-இல் ஐக்கிய நாடுகள் சபையில் சீனக் குடியரசு தன் இடத்தை இழந்தது. 1979-இல் அமெரிக்காவும் பெய்ஜிங்கை அங்கீகரித்தது. முழுச் சீனாவுக்கும் தாமே அரசு என்ற கோமிண்டாங்கின் உரிமைகோரலுக்கு வெளியுலகில் மதிப்புக் குறைந்துகொண்டிருந்தது. மக்கள்தொகையில் பெரும்பான்மையினரான உள்ளூர்த் தைவானியரை ஆட்சியில் சேர்க்காமல் இனிக் காலம் தள்ள முடியாது என்பதைச் சியாங் சிங் குவோ உணர்ந்தார். லீ இரண்டு தேவைகளுக்கும் பொருந்தினார்.

1971-இல் கோமிண்டாங்கில் சேர்ந்த லீ, மறு ஆண்டே துறை ஒதுக்கப்படாத அமைச்சரானார். அமைச்சரவையிலேயே வயதில் இளையவர் அவர்தான். உழவர்கள் அரசிடமிருந்து உரம் பெற வேண்டுமானால் அதற்கு ஈடாக நெல்லைக் கொடுத்தாக வேண்டும் என்ற பழைய ஏற்பாடு 1973-இல் கைவிடப்பட்டது. அவர் தம் ஆய்வில் சுட்டிய சுரண்டலுக்கு அதுவும் ஒரு முக்கிய வாய்க்காலாக இருந்தது. 1978-இல் தைபே மேயராகவும், 1981-இல் தைவான் மாகாண ஆளுநராகவும் அவர் நியமிக்கப்பட்டார். தனிக் கோஷ்டி சேர்க்காமல், கோப்புகளைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பேசும் நிர்வாகி என்று பெயர் பெற்றார். 1984-இல் சியாங் சிங் குவோ அவரைத் துணை அதிபராக்கினார்.

அரியணைக்கு அருகே தனியாள்

1988 ஜனவரி 13 அன்று சியாங் சிங் குவோ காலமானார். அன்று இரவே லீ அதிபராகப் பதவியேற்றார். தைவானில் பிறந்த ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. ஆயினும் அதிகாரத்தின் உண்மையான பிடி கட்சியிலும் ராணுவத்திலும் உளவுத்துறையிலும் இருந்தது. அந்த மூன்றிலும் பெருநிலத்திலிருந்து வந்த முதியவர்களே மேலோங்கியிருந்தார்கள். லீக்கு அங்கே சொந்தப் படைபலம் எதுவும் இல்லை.

கட்சித் தலைமை யாருக்கு என்பதே முதல் சோதனை. சியாங் கை ஷேக்கின் மனைவி சூங் மே-லிங், முடிவைத் தள்ளிப்போடும்படி கடிதம் எழுதினார். ஜனவரி 27 அன்று கூடிய கட்சியின் மத்திய நிலைக்குழுவில் ஜேம்ஸ் சூங் என்ற இளம் நிர்வாகி எழுந்து, தாமதத்தைக் கண்டித்துப் பேசிவிட்டு வெளியேறினார். அந்தக் கூட்டம் லீயைத் தற்காலிகத் தலைவராக ஏற்றது. ஜூலையில் கட்சி மாநாடு அதை உறுதி செய்தது.

1990-இல் மீண்டும் ஒரு மோதல் வந்தது. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அப்போது தேசியப் பேரவையிடம் இருந்தது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் 1947-இல் சீனப் பெருநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தங்கள் தொகுதிகள் கம்யூனிஸ்டுகளின் பிடியில் இருப்பதால் மறுதேர்தல் நடத்த இயலாது என்ற காரணத்தால் அவர்கள் முதுமையிலும் பதவியில் நீடித்தார்கள். கட்சிக்குள் ஒரு பிரிவு லீக்கு எதிராகப் போட்டி வேட்பாளர்களை நிறுத்த முயன்றது. அவர்கள் விலகிக்கொள்ள, மார்ச் 21 அன்று பேரவை லீயைத் தேர்ந்தெடுத்தது.

அந்த வாரம் பேரவைக்கு வெளியே வேறொரு குரலும் கேட்டது. தைபேயின் சியாங் கை ஷேக் நினைவு மண்டபச் சதுக்கத்தில் மார்ச் 16 முதல் மாணவர்கள் அமர்ந்து போராடினார்கள். தைவானில் மலரும் காட்டு லில்லிப் பூவைத் தங்கள் சின்னமாக்கிக்கொண்டார்கள். தேசியப் பேரவையைக் கலைக்க வேண்டும், அவசரகாலச் சட்டப்பிரிவுகளை நீக்க வேண்டும், தேசிய விவகார மாநாட்டைக் கூட்ட வேண்டும், சீர்திருத்தத்துக்குக் கால அட்டவணை வேண்டும் என்பவை அவர்களுடைய நான்கு கோரிக்கைகள். ஓராண்டு நிறைவதற்கு முன்புதான் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் மீது ராணுவம் பாய்ந்திருந்தது. லீ காவல்துறையை ஏவவில்லை. தாம் தேர்வான அன்றே மாணவப் பிரதிநிதிகளை அதிபர் மாளிகைக்கு வரவழைத்துப் பேசினார். மறுநாள் மாணவர்கள் கலைந்து சென்றார்கள். கட்சிக்குள் பெரும்பான்மையை நம்ப முடியாத ஒரு தலைவருக்கு, அந்தச் சதுக்கத்துக் கூட்டம் அழுத்தமாகவும் இருந்தது, துணையாகவும் இருந்தது.

சட்டம் சட்டமாகப் பிரித்த கட்டு

மாணவர்களுக்குத் தந்த வாக்குப்படி 1990 கோடையில் தேசிய விவகார மாநாடு கூடியது. சில ஆண்டுகளுக்கு முன்வரை சட்டவிரோதமாகக் கருதப்பட்ட எதிர்க்கட்சியான ஜனநாயக முன்னேற்றக் கட்சியினரும் அதில் பங்கேற்றார்கள். அதே ஜூனில் அரசியல் சட்ட நீதிபதிகள், பழைய உறுப்பினர்கள் அனைவரும் 1991 டிசம்பர் 31-க்குள் பதவி விலக வேண்டும் எனத் தீர்ப்பளித்தார்கள்.

1948 முதல் அரசியல் சட்டத்தை முடக்கி, அதிபருக்கு வரம்பில்லாத அதிகாரம் தந்திருந்த அந்த அவசரகாலத் தற்காலிகச் சட்டப்பிரிவுகள் 1991 மே 1 அன்று முடிவுக்கு வந்தன. கம்யூனிஸ்ட் கலகத்தை ஒடுக்கும் காலம் முடிந்தது என்பது அதன் பொருள். சீனாவோடு உள்நாட்டுப் போர் நடப்பதாகச் சொல்லி உரிமைகளைப் பறித்துவந்த ஏற்பாடு அதோடு தன் சட்ட அடிப்படையை இழந்தது. அந்த டிசம்பரில் புதிய தேசியப் பேரவைக்கும், 1992 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கும் முழுமையான தேர்தல்கள் நடந்தன. 1992 மே மாதம் தேசத்துரோகச் சட்டம் திருத்தப்பட்டு, வன்முறை கலவாத கருத்துக்காக ஒருவரைச் சிறையில் அடைக்கும் வழி மூடப்பட்டது.

இந்த வேலையை லீ நேர்கோட்டில் செய்யவில்லை. எட்டு ஆண்டுகள் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஹாவ் பெய் சுன்னை 1990-இல் பிரதமராக்கினார். ராணுவ ஆட்சி திரும்புகிறது என்று எதிர்க்கட்சியினரும் மாணவர்களும் வீதிக்கு வந்தார்கள். ஆனால் பிரதமராவதற்காக ஹாவ் சீருடையைக் களைய வேண்டியிருந்தது. படையின் மீது அவருக்கிருந்த பிடி தளர்ந்தது. புதிய நாடாளுமன்றம் வந்தபின் 1993 பிப்ரவரியில் அவர் பதவியிலிருந்து விலகினார். அவருக்குப் பின் உள்ளூர் வேரிருந்த லியன் சான் பிரதமரானார்.

1994-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை உறுதியானது. அந்த ஆண்டு டிசம்பரில் மாகாண ஆளுநர் பதவிக்கும், தைபே, காவோசியுங் மேயர் பதவிகளுக்கும் தேர்தல் நடந்தது. தைபேயில் ஜனநாயக முன்னேற்றக் கட்சியின் சென் ஷுய் பியான் வென்றார்.

1995 பிப்ரவரி 28 அன்று, தைபேயில் எழுப்பப்பட்ட 1947 படுகொலை நினைவுச்சின்னத்தின் திறப்பு விழாவில், அரசின் சார்பில் லீ மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டே பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் வந்தது. 1997-இல் அந்த நாள் பொது விடுமுறையானது. அரை நூற்றாண்டு வாய் திறக்க அஞ்சிய குடும்பங்களுக்கு, நாட்டின் தலைவர் மேடையில் நின்று பொறுப்பேற்றது எந்த இழப்பீட்டுத் தொகையைவிடவும் பெரிய செய்தி. 1995 மார்ச் 1 அன்று தொடங்கிய தேசிய மருத்துவக் காப்பீடு, எல்லாக் குடிமக்களையும் ஒரே திட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. 1997-இல் பள்ளிகளுக்குத் தைவானை அறிவோம் என்ற பொருளில் புதிய பாடநூல்கள் வந்தன. சீன வரலாற்றின் ஓரக்குறிப்பாக இருந்த தீவு, அதில் தனிப் பாடமாயிற்று.

சீனாவின் ஏவுகணைகளும் வாக்காளர்களின் விடையும்

தொடக்கத்தில் லீ பெய்ஜிங்கோடு பேச்சுக்கு வழி திறந்தார். 1990-இல் தேசிய ஒருங்கிணைப்பு மன்றம் அமைத்தார். 1993 ஏப்ரலில் இருதரப்புப் பிரதிநிதிகள் சிங்கப்பூரில் சந்தித்தார்கள். அதேசமயம், தைவானை உலகம் மறந்துவிடக் கூடாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். முறையான தூதரக உறவு இல்லாத பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, தாய்லாந்து நாடுகளுக்கு 1994 பிப்ரவரியில் விடுமுறைப் பயணம் என்ற பெயரில் சென்று தலைவர்களைச் சந்தித்தார்.

அதே ஆண்டு மே மாதம், மத்திய அமெரிக்கா செல்லும் வழியில் எரிபொருள் நிரப்ப அவருடைய விமானம் ஹவாயில் தரையிறங்கியபோது, அமெரிக்கா அவருக்கு அங்கே தங்க அனுமதி தரவில்லை. அவர் விமானத்தைவிட்டு இறங்காமலே பயணத்தைத் தொடர்ந்தார். இந்த அவமதிப்பு அமெரிக்க நாடாளுமன்றத்தில் அனுதாபத்தைத் தூண்டியது. அவருக்கு விசா வழங்கக் கோரும் தீர்மானம் 1995-இல் பிரதிநிதிகள் சபையில் 396-க்கு 0 என்றும், செனட்டில் 97-க்கு 1 என்றும் நிறைவேறியது. ஜூனில் லீ தாம் படித்த கார்னெலுக்குச் சென்று, தைவானின் ஜனநாயக அனுபவம் பற்றி உரையாற்றினார்.

பெய்ஜிங் கடும் சினம் கொண்டது. ஜூலையிலிருந்து தைவானுக்கு அருகே கடலில் ஏவுகணைச் சோதனைகளை நடத்தியது. 1996 மார்ச்சில், அதிபர் தேர்தலுக்கு இரண்டு வாரங்களே இருந்தபோது, கீலுங், காவோசியுங் துறைமுகங்களை ஒட்டிய கடற்பரப்பில் ஏவுகணைகள் விழுந்தன. அமெரிக்கா இரண்டு விமானந்தாங்கிக் கப்பல் அணிகளை அனுப்பியது. மார்ச் 23 அன்று தைவானியர் வாக்களித்தார்கள். நான்கு முனைப் போட்டியில் லீ 54 சதவீத வாக்குகளைப் பெற்றார். ஜனநாயக முன்னேற்றக் கட்சியின் பெங் மிங் மின் ஏறத்தாழ 21 சதவீதம் பெற்றார். வாக்காளர்களை மிரட்டி லீயிடமிருந்து விலக்கப் பார்த்த முயற்சி எதிர்விளைவையே தந்தது.

இரண்டாம் பதவிக்காலத்தில் சீனாவில் தைவானிய நிறுவனங்களின் பெரும் முதலீடுகளுக்கு அவர் கட்டுப்பாடு விதித்தார். அவசரப்படாமல் பொறுமையோடு செல்ல வேண்டும் என்பது அந்தக் கொள்கையின் பெயர். தொழிலதிபர்கள் பலர் அதை விரும்பவில்லை. 1999 ஜூலையில் ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல வானொலிக்கு அளித்த பேட்டியில், தைவானுக்கும் சீனாவுக்கும் இடையே இருப்பது ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்குமான தனிச்சிறப்பான உறவு என்று அவர் கூறினார். பெய்ஜிங் பேச்சுவார்த்தைத் தொடர்புகளைத் துண்டித்தது.

சாதனையின் மறுபக்கம்

கட்சிக்குள் பழைய மேல்தட்டை எதிர்கொள்ள லீக்கு வாக்குகள் வேண்டியிருந்தன. அவற்றை உள்ளூர்ச் செல்வாக்குக் குழுக்கள் வைத்திருந்தன. ஒப்பந்தங்களும் வங்கிக் கடன்களும் நிலபேரங்களும் கைமாற, குற்றக் கும்பல்களோடு தொடர்புடையவர்களும் மக்கள் பிரதிநிதிகளானார்கள். தைவானியர் இதைக் கறுப்புத் தங்க அரசியல் என்றார்கள். கறுப்பு குற்றக் கும்பலையும், தங்கம் பணத்தையும் குறித்தன. கோமிண்டாங்கின் பெரும் தொழில் சொத்துகள் தேர்தல் களத்தைச் சமனில்லாமல் ஆக்கின. ஜனநாயகத்தின் வாசல் திறந்தபோது பணபலமும் கூடவே உள்ளே வந்தது. அதற்கான பொறுப்பில் லீக்குப் பெரும் பங்கு உண்டு.

1997-இல் செய்த அரசியல் சட்டத் திருத்தங்கள், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலே பிரதமரை நியமிக்கும் உரிமையை அதிபருக்குத் தந்தன. மாகாண அரசை முடக்கின. தைவானே நாடாக இயங்கும்போது தைவான் மாகாணம் என்ற அடுக்கு வீண் என்பது அவர் வாதம். ஆனால் மாகாண ஆளுநராக இருந்தவர், 1988-இல் அவருக்காக எழுந்து பேசிய அதே ஜேம்ஸ் சூங். இருவரும் நிரந்தரமாகப் பிரிந்தார்கள். 2000 தேர்தலில் கட்சி வேட்பாளராக லியன் சான் நிற்க, சூங் சுயேச்சையாகக் களமிறங்கினார். கோமிண்டாங் வாக்குகள் பிளந்தன. மார்ச் 18 அன்று சென் ஷுய் பியான் 39 சதவீதத்துக்குச் சற்று அதிகமான வாக்குகளோடு வென்றார். சூங் ஏறத்தாழ 37 சதவீதமும் லியன் 23 சதவீதமும் பெற்றார்கள்.

தோல்வியால் கொதித்த கட்சித் தொண்டர்கள் தலைமையகத்தைச் சூழ்ந்து லீக்கு எதிராகக் குரலெழுப்பினார்கள். மார்ச் 24 அன்று அவர் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். மே 20 அன்று, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தைவானை ஆண்ட கட்சி ஆட்சியை எதிர்க்கட்சியிடம் ஒப்படைத்தது.

பதவிக்குப் பின்

2001 ஆகஸ்டில் லீயின் ஆதரவோடு தைவான் ஒற்றுமை ஒன்றியம் என்ற புதிய கட்சி தொடங்கியது. செப்டம்பரில் கோமிண்டாங் அவரைக் கட்சியிலிருந்து நீக்கியது. தைவானின் தனித்த அடையாளத்தை அவர் வெளிப்படையாக வலியுறுத்தத் தொடங்கினார். 2004 பிப்ரவரி 28 அன்று, சீன ஏவுகணைகளை எதிர்த்துத் தீவின் வடக்கிலிருந்து தெற்குவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கைகோத்து நின்ற மனிதச் சங்கிலியில் அவரும் நின்றார். ஜப்பான் மீது அவர் காட்டிய பரிவும், 2007-இல் அண்ணனின் நினைவாக யாசுகுனி ஆலயம் சென்றதும் சீனாவிலும் தைவானிலும் கண்டனத்துக்கு உள்ளாயின. 2011-இல் அரசு நிதியைக் கையாடியதாக அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2013-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நிலைத்தது. 2020 ஜூலை 30 அன்று, 97 வயதில், தைபேயில் அவர் காலமானார்.

பெய்ஜிங் அவரைப் பிரிவினைவாதியாகவே கருதியது. கோமிண்டாங்கின் பழைய தலைமுறை, கட்சியை உள்ளிருந்தே வீழ்த்தியவர் என்றது. ஆதரவாளர்கள் அவரைத் தைவான் ஜனநாயகத்தின் தந்தை என்கிறார்கள். அந்தப் பட்டம் முழுவதும் அவர் ஒருவருக்கே உரியதன்று. ராணுவச் சட்டக் காலத்தில் சிறை சென்ற எதிர்க்கட்சியினரும், சதுக்கத்தில் அமர்ந்த மாணவர்களும், இறுதிக் காலத்தில் ராணுவச் சட்டத்தை விலக்கிக்கொண்ட சியாங் சிங் குவோவும் அதில் பங்காளிகள். ஆனால் அவர்கள் உருவாக்கிய வாய்ப்பைத் தேர்தல் சட்டமாகவும் அரசியல் சட்டத் திருத்தமாகவும் மாற்றும் இடத்தில் லீ இருந்தார். அதைத் தவறவிடவும் இல்லை. அந்தத் திருத்தங்களின் கீழ் 2000, 2008, 2016 ஆகிய மூன்று முறை தைவானில் ஆட்சி ஒரு கட்சியிடமிருந்து மற்றொரு கட்சிக்கு மாறியது. ஒவ்வொரு முறையும் தோற்ற கட்சி வாக்காளர்களின் தீர்ப்பை ஏற்று ஆட்சியை விட்டிறங்கியது.